பாத்தேன்னு சொல்றீங்களே, ஓட்டிப் பாத்தீங்களா?

டிஸ்கி: பொட்டி தட்டுற மக்களுக்கான பதிவு இது. மத்தவங்களும் தாராளமா படிக்கலாம், நடுவுல சாம்பார் எல்லாம் வருது. கொஞ்சம் கோவத்துல எழுதினது. கோவம் யார் மேலன்னு பாதியில தெரியும்.

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம். இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன், போன வாரம் ஆபீஸ்ல நடந்த அந்த மீட்டிங் மட்டும் இல்லேன்னா.

ஒரு தம்பி. நல்லா வேலை செய்யற தம்பிதான், குறை சொல்ல முடியாது. பேச்சோட பேச்சா சொன்னான்: "அண்ணா, இன்னொருத்தர் கோடை நம்ம மெஷின்ல இழுத்துப் போட்டு ஓட்டிப் பாக்கறதெல்லாம் பழைய காலம். அதான் சிஐ இருக்கே. ரிவ்யூன்னா படிச்சுப் பாக்கறதுதான்." சுத்தி உக்காந்திருந்த எட்டு பேரும் தலையாட்டினாங்க. நான் தலையாட்டல. ஆனா வாயும் திறக்கல. மீட்டிங்ல பேச வேண்டியதை வீட்டுக்கு வந்து பதிவா போடறதுதானே நம்ம பரம்பரை வழக்கம்.

மென்பொருள் பக்கம் வராதவங்களுக்கு ரெண்டு வரி. பத்து பேர் சேந்து ஒரு ப்ரோக்ராம் எழுதறோம்னா ஆளுக்கொரு பிரதி எடுத்துக்குவோம். அதுக்குப் பேரு ப்ராஞ்ச். அதுல நம்ம மாற்றத்தை செஞ்சுட்டு, "எல்லாருக்கும் பொதுவான மெயின்ல இதைச் சேத்துக்கலாமா?"ன்னு கேப்போம். அதுதான் புல் ரிக்வெஸ்ட். (கிட்லேப் ஆளுங்க மெர்ஜ் ரிக்வெஸ்ட்னு சொல்லுவாங்க, சமாச்சாரம் ஒண்ணுதான்.) இன்னொருத்தர் பாத்து சரின்னு சொன்னாத்தான் சேரும். பாக்கறவருக்கு ஸ்க்ரீன்ல எடுத்த வரி சிவப்பாவும் சேத்த வரி பச்சையாவும் தெரியும். மவுஸ் சக்கரத்தை நாலு உருட்டு உருட்டிட்டு, கீழ வந்து "எல்ஜிடிஎம்"னு அடிச்சுட்டு, அப்ரூவ் பட்டனை அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிடலாம். எல்ஜிடிஎம்னா "எனக்கு நல்லாத்தான் தெரியுது"ன்னு அர்த்தம். தெரியுதுதான், யாரு இல்லேன்னா. ஓடுதான்னு அதுல ஒரு எழுத்து கூட இல்ல பாருங்க.

என் கட்சியைச் சுருக்கமா சொல்லிடறேன். ஒருத்தரோட மாற்றத்துக்கு நான் ஒப்புதல் கொடுக்கணும்னா, அதை இன்னிக்குத் தேதியில இருக்கற மெயினோட சேத்து, என் மெஷின்ல ஓட்டி, கண்ணால பாத்திருக்கணும். பாக்கலேன்னா பாக்கலேன்னு எழுதணும். ரெண்டும் இல்லாம பட்டனை அமுக்கறது, நேர்ல போய் பாக்காமலே சர்டிஃபிகேட்ல கையெழுத்து போடற மாதிரி. ஊர்ல அதுக்கு வேற பேரு.

"உனக்கு எதுக்கு இவ்ளோ கோவம்?"னு கேப்பீங்க. சொல்றேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு டயாலிசிஸ் சென்டருக்கு அப்பாயின்மென்ட் மென்பொருள் செஞ்சு கொடுத்தோம். பேர் ஊர் வேண்டாம். கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் போல மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்ணணும். மெஷின் கம்மி, ஆளு அதிகம். அதனால ஷிஃப்ட். முதல் ஷிஃப்ட் விடியக்காலம் 5 மணி. ரெண்டு நாள் முன்னாடியே நோயாளியோட போனுக்கு மெசேஜ் போயிடும்: இன்ன தேதி, இத்தனாவது ஷிஃப்ட். நேரம் போடறதில்ல. ஷிஃப்ட் நம்பர்தான் அவங்களுக்குப் பழக்கம்.

எங்க டீம்ல ஒருத்தர் ஒரு மாற்றம் செஞ்சார். நேரத்தையெல்லாம் இந்திய நேரத்துல வச்சுக்காம யூடிசில வச்சுக்கலாம், திரையில காட்டும்போது மட்டும் மாத்திக்கலாம்னு. ரொம்ப சரியான முடிவு. "அடுத்த அப்பாயின்மென்ட் எப்போ"ன்னு சொல்ற ஃபங்ஷன் அதுவரைக்கும் இந்திய நேரம் கொடுத்துட்டு இருந்தது, இனிமே யூடிசி கொடுக்கும். அதைக் கூப்பிடற எல்லா இடத்தையும் தேடிப் பிடிச்சு மாத்தியிருந்தார். சுத்தமான வேலை. செவ்வாய்க்கிழமை மதியம் மெயின்ல சேந்துடுச்சு.

இன்னொரு பொண்ணு, முந்தின வாரமே தனி ப்ராஞ்ச் எடுத்து, மெசேஜ் வாசகத்தைப் புதுசா எழுதிட்டு இருந்தாங்க. அதே ஃபங்ஷனைக் கூப்பிட்டு, தேதிப் பகுதியை மட்டும் எடுத்து மெசேஜ்ல போட்டாங்க. அவங்க எழுதும்போது அது இந்திய நேரம்தான் கொடுத்தது. அதுவும் சரியான வேலை. டெஸ்ட் எழுதியிருந்தாங்க, பாஸ் ஆச்சு. செவ்வாய் சாயந்திரம் 4 மணிக்கு அந்த புல் ரிக்வெஸ்ட் ஒருத்தர்கிட்ட வந்தது. அந்த ஒருத்தர் படிச்சார். வேரியபிள் பேரு ஒண்ணு நீளமா இருக்குன்னு கமென்ட் கூட போட்டார். எல்ஜிடிஎம் அடிச்சார். அமுக்கினார்.

அந்த ஒருத்தர் அடியேன்.

ரெண்டு பேரும் தொட்டது வேற வேற ஃபைல். கிட் ஒரு வார்த்தை பேசல. பேசாது. அது வரியை வரியோட ஒப்பிடும், அர்த்தத்தை ஒப்பிடறது அதோட வேலை இல்ல. ஒரே வரியை ரெண்டு பேரும் தொட்டாத்தான் கான்ஃப்ளிக்ட்னு கத்தும். இங்க எதுவும் கத்தல, டிக் பச்சையா இருந்தது.

இப்போ கணக்கு போடுங்க. நம்ம நேரம் யூடிசியை விட ஐந்தரை மணி நேரம் முன்னாடி. வியாழக்கிழமை விடியக்காலம் 5 மணின்னா யூடிசில புதன்கிழமை ராத்திரி 11.30. தேதிப் பகுதியை மட்டும் எடுத்தா புதன்கிழமை. காலை 10 மணி ஷிஃப்டுக்கு யூடிசில விடியக்காலம் 4.30, அதே தேதி. அதனால ரெண்டாவது, மூணாவது ஷிஃப்ட் எல்லாம் கச்சிதம். முதல் ஷிஃப்டுக்கு மட்டும் ஒரு நாள் முன்னாடி தேதி போச்சு. டெஸ்ட்ல இருந்த மாதிரி நோயாளிக்கு என்ன நேரம்னு நினைக்கறீங்க? காலை 10 மணி. நாம எல்லாரும் டெஸ்ட்ல போடற நேரம் அதுதானே, நமக்கு நாள் தொடங்கறதே அப்போதான்.

வழக்கமா வர்றவங்களுக்கு அவங்க கிழமை மனப்பாடம். மெசேஜைப் பாக்கவே மாட்டாங்க. ஆனா அந்த வாரம் ஒரு பண்டிகைக்காக முறையை மாத்தியிருந்தாங்க. அதனால நம்பினாங்க. நாலு பேர் ஒரு நாள் முன்னாடி வந்து நின்னாங்க. ரெண்டு பேர் பக்கத்துல இருக்கறவங்க, திரும்பிப் போயிட்டாங்க. ஒரு பெரியவர் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துல இருந்து, அவரோட பொண்ணு கூட வர, ராத்திரி ரெண்டரைக்கு வாடகைக் கார் பிடிச்சு வந்திருக்கார். மெஷின் காலி இல்ல. "உங்களுக்கு நாளைக்குத்தான்"னு சொல்லியிருக்காங்க. அந்தப் பொண்ணு போனை எடுத்துக் காட்டி, "இன்னிக்குன்னுதானே போட்டிருக்கு?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டிருக்கு. அன்னிக்குத் திரும்பிப் போய், மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி கார் பிடிச்சு வந்தாங்க.

எங்களுக்கு போன் பண்ணி இதைச் சொன்ன சென்டர் பொறுப்பாளர் அம்மா கத்தவே இல்ல. "தம்பி, இவங்களுக்கு ஒரு தடவை வந்துட்டுப் போறதே பெரிய பாடு. கொஞ்சம் பாத்து செய்யுங்கப்பா"ன்னாங்க. கத்தியிருந்தா தேவலையா இருந்திருக்கும்.

அன்னிக்கு சாயந்திரம் அந்த ரெண்டு மாற்றத்தையும் சேத்து என் மெஷின்ல ஓட்டினேன். செவ்வாய்க்கிழமை செஞ்சிருக்க வேண்டியதை. மெசேஜ் முன்னோட்டம்னு ஒரு பக்கம் இருக்கு, அதைத் திறந்தேன். எங்க மாதிரி டேட்டா நேர வரிசையில அடுக்கினது. முதல் வரியிலயே 5 மணி நோயாளி, பக்கத்துல தப்பான தேதி. தேடவே வேண்டாம், கண்ணுல குத்துது. இழுத்ததுல இருந்து பாத்தது வரைக்கும் 11 நிமிஷம். அதுல ஆறு நிமிஷம் இன்ஸ்டால்.

யார் தப்புன்னு ஒரு மீட்டிங் நடந்தது (நடக்காம இருக்குமா). முதல் ஆள் கோடு சரி. ரெண்டாவது ஆள் கோடு சரி. ரெண்டு சமையல்காரர் ஒரே அண்டா சாம்பார்ல ஆளுக்கொரு தடவை உப்பு போட்ட கதை. போட்ட அளவு ரெண்டு பேருதும் சரிதான், பந்திக்குத் தூக்கறதுக்கு முன்னாடி கரண்டியில எடுத்து ருசி பாக்க ஒரு ஆள் வேணும்ல? அங்க நின்னது நான் ஒருத்தன்தான். நான் அண்டாவை எட்டிப் பாத்துட்டு, "நிறம் நல்லாருக்கு"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

இப்போ தம்பியோட வாதத்துக்கு வர்றேன். சிஐ இருக்கேன்னு சொன்னானே. இருக்கு, இருக்கட்டும், அது இல்லாம நானும் வேலை செய்ய மாட்டேன். ஆனா அது என்ன பண்ணுது? யாரோ யோசிச்சு எழுதின டெஸ்டை ஓட்டுது. யோசிக்காததை அது யோசிக்காது. இன்னொண்ணு, அந்த பச்சை டிக்குக்கு ஒரு தேதி இருக்கு, அதை யாரும் பாக்கறதில்ல. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வழக்கமா புல் ரிக்வெஸ்டை மெயினோட சேத்து வச்சுத்தான் டெஸ்ட் ஓட்டும். சந்தோஷம். ஆனா அது ஓட்டின நேரத்து மெயின். அதுக்கப்புறம் மெயின்ல நாலு மாற்றம் சேந்தாலும் டிக் பாட்டுக்கு பச்சையா உக்காந்திருக்கும். நேத்து எடுத்த ரத்தப் பரிசோதனையை வச்சுகிட்டு இன்னிக்கு சாப்பிட்ட லட்டுக்கு சர்க்கரை இல்லேன்னு சொல்ற கதை.

இதுக்கும் வழி கண்டுபிடிச்சிருக்காங்க. ரஸ்ட் மொழியைத் தொடங்கின கிரேடன் ஹோர் 2014ல ஒரு பதிவுல ஒரு விதியை எழுதினார். எப்பவும் எல்லா டெஸ்டும் பாஸ் ஆகற நிலையிலயே கோடை வச்சிருக்கணும், அதை ஒரு மெஷினே கவனிச்சுக்கணும்னு. இதுல ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லேன்னு அந்த விதிக்கே பேரு. ரஸ்ட் ஆளுங்க அதுக்காகவே பார்ஸ்னு ஒரு பாட் வச்சிருந்தாங்க: முதல்ல சேத்துப் பாக்கும், சேந்த நிலையில டெஸ்ட் ஓட்டும், பாஸ் ஆனாத்தான் மெயினை நகத்தும். கிட்ஹப்புலயே மெர்ஜ் க்யூன்னு 2023ல வந்துடுச்சு. எல்லாம் வச்சுக்கங்க. ஆனா எங்க கேஸ்ல அந்த க்யூவும் பாஸ்தான் சொல்லியிருக்கும். 10 மணி நோயாளிதானே டெஸ்ட்ல இருந்தார்!

"க்யூஏ பாத்துப்பாங்க" கோஷ்டிக்கு ஒரே கேள்வி. அவங்க கைக்குப் போறப்போ ஒரு வாரத்து மாற்றம் மொத்தமா போகுது. எது எதோட மோதினதுன்னு அவங்க எப்படிங்க கண்டுபிடிப்பாங்க?

அடுத்த சாக்கு, "என் வேலை பாதியில கெடக்கு, இப்போ ப்ராஞ்ச் மாறினா எல்லாம் கலைஞ்சுடும்." இது 2015 வரைக்கும் ஓரளவு நியாயம். அந்த வருஷம் கிட் 2.5ல வொர்க்ட்ரீ வந்துடுச்சு. அதே ரெப்போவுல இருந்து பக்கத்துல இன்னொரு ஃபோல்டர் போட்டு, அதுல வேற ப்ராஞ்ச் வச்சுக்கலாம். உங்க பாதி வேலை இருந்த இடத்துலயே இருக்கும். என் மெஷின்ல "அடுத்தவீடு"ன்னு ஒரு ஃபோல்டர் நிரந்தரமா இருக்கு. வர்ற புல் ரிக்வெஸ்ட் எல்லாம் அங்கதான் இறங்கும்.

இதுல ஒரு இடத்துல நல்ல ஆளுங்களே வழுக்கறாங்க, கொஞ்சம் நின்னு சொல்றேன். கிட்ஹப்பில ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் புல், அதோட எண், அப்புறம் ஹெட்டுன்னு ஒரு முகவரி இருக்கு. அதை ஃபெட்ச் பண்ணினா அவரோட ப்ராஞ்ச் அப்படியே வரும். கிட்ஹப் கமாண்ட்லைன் டூல் வச்சிருந்தா எண்ணைக் கொடுத்து செக்அவுட் பண்ணினா போதும், அதுவும் இதையேதான் கொண்டுவரும். பெரும்பாலானவங்க இதை ஓட்டிப் பாத்துட்டு "லோக்கல்ல பாத்துட்டேன்"னு சொல்லிடறாங்க. யோசிச்சுப் பாருங்க. நான் அன்னிக்கு அந்தப் பொண்ணோட ப்ராஞ்சை மட்டும் இழுத்து ஓட்டியிருந்தா என்ன தெரிஞ்சிருக்கும்? சரியான தேதி தெரிஞ்சிருக்கும்! அந்த ப்ராஞ்ச்ல பழைய ஃபங்ஷன்தானே இருந்தது. பழைய மெயின் மேல நிக்கிற ப்ராஞ்சை ஓட்டறது, அவர் ஏற்கெனவே பாத்ததையே நாமும் ஒரு தடவை பாக்கறது. அதனால ஹெட்டை இழுத்ததும் இன்னிக்கு மெயினை அதுக்குள்ள மெர்ஜ் பண்ணிட்டு ஓட்டணும். ஹெட்டுக்குப் பதிலா மெர்ஜ்னு முடியற இன்னொரு முகவரியும் இருக்கு, கிட்ஹப்பே சேத்துப் பாத்து வச்சிருக்கற வடிவம். ஆனா அது எந்த நேரத்து மெயின்னு ஒரு பார்வை பாத்துக்கங்க. நான் கையாலயே மெர்ஜ் பண்ணிடறேன், சந்தேகமே வேண்டாம்னு.

அப்புறம் டேட்டாபேஸ். அடுத்தவர் மாற்றத்துல மைக்ரேஷன் இருந்து, அதை உங்க லோக்கல் டேட்டாபேஸ்லயே ஓட்டினீங்கன்னா, திரும்பி உங்க ப்ராஞ்சுக்கு வந்ததும் இல்லாத காலம் இருக்கற காலம்னு ஒரே எரர் மழைதான். சூடு பட்ட பூனை நான். "அடுத்தவீட்டுக்கு" தனி டேட்டாபேஸ் வச்சுக்கங்க. டிபென்டன்சியும் புதுசா இன்ஸ்டால் பண்ணுங்க, பழசை வச்சு ஓட்டினா அவர் சேத்த லைப்ரரியே இருக்காது.

இதுவரைக்கும் சொன்ன சாக்குகளை நான் மதிக்கல. ஒண்ணே ஒண்ணை மதிக்கறேன். "அடுத்தவன் கோடை என் மெஷின்ல ஓட்டறது ஆபத்து."

உண்மை. என்பிஎம் இன்ஸ்டால் அடிச்சதும் அந்த பேக்கேஜுக்குள்ள இருக்கற ஸ்க்ரிப்ட் உங்க பேர்ல ஓட முடியும். உங்க ஹோம் ஃபோல்டர்ல எஸ்எஸ்ஹெச் கீ இருக்கு, க்ளவுட் டோக்கன் இருக்கு, ப்ரௌசர்ல பேங்க் திறந்திருக்கு. ஆபீஸ் சகா அனுப்பினதுன்னா ஒரு மாதிரி. ஓபன் சோர்ஸ் ப்ராஜெக்டுக்கு முகம் தெரியாத ஒருத்தர் அனுப்பினதை அப்படியே இழுத்து ஓட்டினா, வாசல்ல நிக்கிறவர்கிட்ட பீரோ சாவியைக் கொடுத்த மாதிரி. அங்க முதல்ல படிக்கணும், குறிப்பா பில்ட் ஸ்க்ரிப்ட், டிபென்டன்சி லிஸ்ட். அப்புறம் கன்டெய்னரோ விர்ச்சுவல் மெஷினோ, உங்க கீ எதுவும் இல்லாத இடத்துல ஓட்டணும்.

ஆனா இந்த ஆபத்தைக் காட்டி "அதனால படிச்சா போதும்"னு முடிக்கறவங்களுக்கு எக்ஸ்ஸெட் கதையை ஞாபகப்படுத்தறேன். லினக்ஸ்ல எங்க பாத்தாலும் இருக்கற கம்ப்ரஷன் லைப்ரரி. அதோட 5.6.0, 5.6.1 பதிப்புகள்ல ஒரு பின்வாசல் இருந்தது 2024 மார்ச் 29 அன்னிக்கு வெளிய வந்தது. விஷத்தை எங்க ஒளிச்சிருந்தாங்க? டெஸ்டுக்கான கம்ப்ரஸ் பண்ணின பைனரி ஃபைல்ல. அதைக் கிளப்பற ஸ்க்ரிப்ட், வெளியிட்ட டார் ஃபைல்ல மட்டும் இருந்தது, கிட் ரெப்போவுல இல்லவே இல்ல. டிஃபை உத்து உத்துப் பாத்திருந்தாலும் என்ன தெரிஞ்சிருக்கும்? கண்டுபிடிச்சவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட், போஸ்ட்கிரெஸ் டெவலப்பர். வேற ஏதோ வேகத்தை அளந்துட்டு இருந்தவருக்கு, எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை செகண்ட் கூட எடுக்கறது உறுத்தியிருக்கு. ஓட்டின மனுஷனுக்குத்தான் அந்த அரை செகண்ட் தெரியும். (இது புல் ரிக்வெஸ்ட் கதை இல்லேன்னு சண்டைக்கு வராதீங்க, தெரியும். படிச்சா எல்லாம் தெரிஞ்சுடும்ங்கற நம்பிக்கையைத்தான் சொல்றேன்.)

நியாயத்துக்கு எதிர்ப்பக்கமும் சொல்லிடறேன். ஓட்டினா எல்லாம் தெரிஞ்சுடாது. டெபியன்ல 2006ல ஒரு டூல் கொடுத்த எச்சரிக்கையை நிறுத்தறதுக்காக ஓபன்எஸ்எஸ்எல்ல இருந்து ஒண்ணு ரெண்டு வரியை எடுத்தாங்க. ப்ரோக்ராம் ஜோரா ஓடிச்சு. சாவி உருவாச்சு. ஆனா அந்தச் சாவிக்குள்ள இருந்த தற்செயல் மொத்தமும் ப்ராசஸ் எண் ஒண்ணுதான். அதிகபட்சம் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் வகை. 2008 மே வரைக்கும் யாருக்கும் தெரியல. நீங்களும் நானும் நூறு தடவை ஓட்டியிருந்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டோம். அங்க படிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். அதனால படிக்காதீங்கன்னு நான் எங்கயும் சொல்லல. படிச்சுட்டு ஓட்டுங்க.

லினக்ஸ் கெர்னல் ஆளுங்க இந்த விஷயத்துல நேர்மையானவங்க. அவங்க பேட்ச்ல "ரிவ்யூட்-பை"ன்னு ஒரு வரி, "டெஸ்டட்-பை"ன்னு தனியா ஒரு வரி. ரிவ்யூட்-பை போடறதுக்கு ஒரு உறுதிமொழி எழுதி வச்சிருக்காங்க, அதுல வெளிப்படையாவே சொல்லிடறாங்க: நான் பாத்த வரைக்கும் சரியா இருக்கு, ஆனா எல்லா நிலைமையிலும் ஒழுங்கா ஓடும்னு நான் உத்தரவாதம் கொடுக்கலன்னு. ஓட்டிப் பாத்தவர் பேரு டெஸ்டட்-பைல வரும். நமக்கு என்ன இருக்கு? ஒரே ஒரு பட்டன். படிச்சவரும் அதைத்தான் அமுக்கறார், ஓட்டினவரும் அதைத்தான் அமுக்கறார், லிஃப்ட்ல நின்னுகிட்டு போன்ல பாத்தவரும் அதைத்தான் அமுக்கறார். அமுக்கினப்புறம் எல்லாரும் ஒரே பச்சை.

அந்த சம்பவத்துக்கு அப்புறம் நான் அப்ரூவ் பண்ணும்போது மூணு வரி எழுதறேன். எந்த மெயின் மேல சேத்து ஓட்டினேன், என்னென்ன பாத்தேன், எதைப் பாக்கல. கமென்ட்ல எழுத்துப்பிழை திருத்தினதுக்கெல்லாம் ஓட்டறதில்ல, "ஓட்டல"ன்னு மட்டும் போடுவேன். முதல்ல சிரிச்சாங்க. மூணாவது வரியைத்தான் இப்போ நிறைய பேர் முதல்ல படிக்கறாங்க, ஏன்னா யாராவது ஒருத்தர் "நீ பாக்கலையா, அதை நான் பாத்துடறேன்"னு வந்துடறாங்க.

படிச்சா தெரியாம ஓட்டினா தெரிஞ்சது ஒண்ணு சொல்றேன், நம்ம மக்களுக்குப் பிடிக்கும். ஒரு லிஸ்ட்ல நீளமான பேரை வெட்டிக் காட்டணும். ஒருத்தர் பிஹெச்பில சப்ஸ்ட்ரிங் போட்டு 40ன்னு எழுதியிருந்தார். டிஃப்ல பாத்தா ஒரே வரி, அதுல என்ன தப்பு கண்டுபிடிக்க? இங்கிலீஷ் பேரு வச்சு டெஸ்ட் பாஸ். இழுத்துப் போட்டு ஓட்டி, பழக்க தோஷத்துல தமிழ்ல ஒரு பேரை அடிச்சேன். வெட்டின இடத்துல கறுப்பு டைமண்டுக்குள்ள கேள்விக்குறி. அந்த ஃபங்ஷன் பைட்டை எண்ணும், யூடிஎஃப் 8ல நம்ம எழுத்துக் குறி ஒவ்வொண்ணும் மூணு பைட்டு. நடுவுல வெட்டுப்பட்டுடுச்சு. சரின்னு எழுத்தை எண்ணற ஃபங்ஷனுக்கு மாத்தினார். மறுபடி ஓட்டினேன். இப்போ கேள்விக்குறி இல்ல, ஆனா கடைசிப் புள்ளி தனிக் குறிங்கறதால அது மட்டும் வெட்டுப்பட்டு, முருகேசன் போய் "முருகேசன" ஆயிட்டார். அப்புறம் கிராஃபீம் ஃபங்ஷன் போட்டுத்தான் முருகேசனுக்குப் புள்ளி திரும்பக் கிடைச்சது. திஸ்கியில இருந்து யூனிகோடுக்கு மாறின காலத்துல பெட்டி பெட்டியா பாத்து வளந்தவங்க நாம, நமக்கு இது கை தானா போய் அடிச்சுப் பாக்கும். டிஃப் படிச்சவங்க மூணு பேர் அதுக்கு முன்னாடியே சரின்னு சொல்லியிருந்தாங்க.

இன்னொரு விஷயமும் சேந்திருக்கு இப்போ. கோடு பாதி ஏஐ எழுதுது. எழுதட்டும், நானும் எழுத வைக்கறேன். அது எழுதற கோடு பாக்க எப்பவுமே அழகாத்தான் இருக்கும். பேரெல்லாம் ஒழுங்கா, கமென்ட் எல்லாம் இலக்கண சுத்தமா. தப்பா இருந்தாலும் அதே அழகு. முன்னாடியெல்லாம் அவசரத்துல எழுதின கோடு அலங்கோலமா இருக்கும், பாத்ததுமே "இங்க ஏதோ இருக்கு"ன்னு மூக்கு வேர்க்கும். அந்த வாசனையும் இப்போ போச்சு. இந்த நேரத்துல வந்து "நல்லாத் தெரியுது, போதும்"னு சொல்றதைத்தான் என்னால தாங்க முடியல. அதுவும் எட்டு பேர் தலையாட்டறாங்க.

தம்பி மேல எனக்குக் கோவம் இல்ல. அன்னிக்கு அவன் வயசுல இருந்தவங்க எழுதின கோடை, ரெண்டு மடங்கு அனுபவம் உள்ள ஒருத்தன் படிச்சுட்டு மட்டும் அனுப்பினான். அவன் மேலதான். அவன் இப்போ இந்தப் பதிவை எழுதிட்டு இருக்கான்.

இன்னிக்குக் காலையில அந்தத் தம்பியோட புல் ரிக்வெஸ்ட் என் பேருக்கு வந்தது. பில் போடற ப்ராஜெக்ட், டயாலிசிஸ்க்கும் அதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. ஆனாலும் என் மாதிரி டேட்டால முதல் வரியில விடியக்காலம் 5 மணிக்கு ஒருத்தர் இருப்பார், எந்த ப்ராஜெக்டா இருந்தாலும். மெயினை மெர்ஜ் பண்ணியாச்சு. இன்ஸ்டால் ஓடிட்டு இருக்கு, 63 சதவீதம். அது முடியறதுக்குள்ள இதை போஸ்ட் பண்ணிடறேன்.